ஒரே தட்டில் இரண்டு குரல்

நொச்சியேந்தல்,
9-4-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

ராமலெட்சுமி எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. மழை இல்லை. இந்த இரண்டையும் எழுதிவிட்டால் நலம் விசாரித்த கணக்கு முடிந்தது என்று நீங்கள்தான் ஒருமுறை சொன்னீர்கள்.

போன புதன்கிழமை அப்துல் ஹமீது என்பவர் ராமநாதபுரத்தில் என் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். கொழும்பில் நீங்கள் குடியிருக்கும் மாடிக்குக் கீழே துணிக்கடை வைத்திருப்பதாகவும், ஏர்வாடி தர்காவுக்கு நேர்ச்சை செலுத்த வந்ததாகவும் சொல்லி, செய்தித்தாளில் சுற்றிய உங்கள் இசைத்தட்டைக் கொடுத்தார். கிளம்பும்போது, "உங்க அண்ணனுக்கும் சேத்துத்தான் துஆ கேட்டுட்டு வாரேம்மா. அல்லாஹ் சுகத்தைக் குடுப்பான்" என்றார். அண்ணனுக்கு என்ன என்று கேட்டேன். கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்றார். மறுநாள் கப்பலுக்கு அன்று மத்தியானமே அவருக்கு நேரமாகிவிட்டது.

தட்டின் உறையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டு, மடியில் கிட்டார், மூடிய கண்கள். 'அலை அடங்கிய வேளை: ஜி. நாதன் பாடிய பத்து மெல்லிசைப் பாடல்கள்' என்று போட்டிருக்கிறது. இதுவரை வந்த உங்கள் தட்டுகளிலெல்லாம் 'நாலு கட்டை குருநாதன்' என்று இருந்ததே, அவர் எங்கே போனார்?

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சதக்கத்துல்லாவின் மைக் செட் கடையில் போட்டுக் கேட்டோம். அம்மா, நான், கூத்தையா சித்தப்பா, அவர் மகன் செல்லச்சாமி அண்ணன். நாலு கட்டையில் உங்கள் குரல் எழுந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டெல்லாம் ஓட்டம். கிட்டார் குதிரைக் குளம்பு மாதிரி ஓடுகிறது. புது மாதிரி என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். செல்லச்சாமி அண்ணன் மட்டும் இரண்டாவது பாட்டிலேயே முகம் கறுத்து எழுந்து போய்விட்டார். சித்தப்பா, "வயித்தெரிச்சல் புடிச்ச பய" என்று தன் மகனையே சொல்லிச் சிரித்தார்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். ஆவணியில் புரவி எடுப்பு. அய்யா போன பிறகு இது மூன்றாவது. கண்மாய்க் கரையில் நின்று அய்யனாரைக் கூப்பிட வேண்டியவர் அய்யா தங்கசாமியின் மகன், அதாவது நீங்கள். மைக் கிடையாது. அந்தக் குரல் எதிர்க்கரையில் உள்ள கோயிலுக்கு எட்டினால்தான் பூசாரி மணி அடிப்பார், மணி அடித்தால்தான் மண்புரவி நகரும். போன இரண்டு வருஷமும் கூப்பிடாமலே மணி அடித்து ஊர் பொறுத்துக்கொண்டது; மூன்று வருஷம் தொடர்ந்து ஆள் வராவிட்டால் அந்தப் பாத்தியதை பங்காளியான சித்தப்பா வீட்டுக்குப் போய்விடும். உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் போன இரண்டு தடவையும் கடைசி வாரத்தில்தான் 'வர முடியவில்லை' என்று தந்தி வந்தது.

வருகிறீர்களா? ஒரு வரி போதும்.

தங்கை,
ராமலெட்சுமி


கொழும்பு,
20-4-62

அன்புத் தங்கை லெட்சுமிக்கு,

வாத்தியாரம்மா கடிதம் கிடைத்தது. சிவப்பு மையில் திருத்தாமல் விட்டாயே, அதற்கே கும்பிடு.

அம்மா தட்டைக் கேட்டாள் என்றதும் அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. என்ன சொன்னாள்? தாலாட்டு மாதிரி இருக்கிறது என்றாளா? இங்கே பத்திரிகைக்காரன் 'தொட்டில் ஆடுகிற வேகம்' என்று எழுதியிருக்கிறான். படுக்கப் போகிற நேரத்தில் போட்டுக் கேட்கிறார்களாம். எட்டு வருஷம் நாடக மேடையில் கத்திச் சேர்த்த பெயர், இப்போது முணுமுணுத்து வருகிறது. காலம் அப்படி. நாலு கட்டையில் கத்துகிறவனை இப்போது யாரும் வீட்டுக்குள் விடுவதில்லை.

பெயரைச் சுருக்கியது தட்டுப் போட்டவர்கள். உறையில் இடம் இல்லையாம்.

ஹமீது காக்கா நல்ல மனுஷர். பக்கத்து வீட்டுப் பூனைக்கு இருமல் என்றாலும் துஆ கேட்பார். அதையெல்லாம் பிடித்துக்கொண்டு தொங்காதே.

புரவி எடுப்புக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கிறது. பெர்மிட் ஒரு பக்கம், ஒலிப்பதிவு ஒரு பக்கம். பார்ப்போம். அம்மாவிடம் 'பார்ப்போம்' என்று சொல்லாதே, 'வருவான்' என்று சொல். நீ நன்றாகப் படித்தவள், வித்தியாசம் உனக்குத் தெரியும்.

அண்ணன்,
குருநாதன்


நொச்சியேந்தல்,
3-5-1962

அண்ணனுக்கு,

வித்தியாசம் தெரிகிறது. அதனால்தான் உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

தாலாட்டு என்கிறீர்கள், தொட்டில் வேகம் என்கிறீர்கள், முணுமுணுப்பு என்கிறீர்கள். நாங்கள் கேட்ட தட்டில் தாலாட்டு இல்லை. அந்தப் பாட்டைப் பாடித் தொட்டிலை ஆட்டினால் பிள்ளை கீழே விழும். ஆகவே, ஒன்று நீங்கள் உங்கள் தட்டை இன்னும் கேட்கவில்லை. அல்லது அதில் பாடியது நீங்கள் இல்லை.

இப்படி ஒரு வரியை என் கையால் எழுதுவேன் என்று நினைக்கவில்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை இன்னொன்று நடந்தது. சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவில் இலங்கை வானொலி போட்டிருந்தார்கள். 'அலை அடங்கிய வேளை' தட்டிலிருந்து, பாடியவர் ஜி. நாதன் என்று சொன்னார்கள். மொத்த ஊரும் கூடிவிட்டது. வந்தது வேறு குரல். அடியில், மெதுவாக, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி. பாட்டு அதே பாட்டு. சித்தப்பா அம்மாவைப் பார்த்து, "என்ன மதினி, மவனுக்குத் தொண்டை கட்டிப்போச்சா? இந்தக் குரலு கம்மாக் கரையத் தாண்டுமா?" என்றார். அம்மா உடனே, "அது யாரோ தூங்கி எந்திரிச்ச பய. எம்மவனா இப்படிப் பாடுவான்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து உங்கள் பேச்சையே எடுக்கவில்லை.

தட்டில் ஒருவர், ரேடியோவில் ஒருவர். இதில் என் அண்ணன் யார்? கடிதம் எழுதுகிறவர் மூன்றாவது ஆளோ என்றுகூட இப்போது தோன்றுகிறது.

கோபப்படாமல் ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். முதல் தடவையாக நீங்கள் அய்யனாரைக் கூப்பிட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கரையிலிருந்து இறங்கி வந்து என் காதில் மட்டும் ஒன்று சொன்னீர்கள். என்ன சொன்னீர்கள்?

ராமலெட்சுமி


கொழும்பு,
14-5-62

லெட்சுமி,

நாடகத்தில் ராஜா வேஷம் போட்டிருக்கிறேன், சேவகன் வேஷம் போட்டிருக்கிறேன். கூண்டில் நிற்கிற வேஷத்தை நீதான் கொடுத்திருக்கிறாய்.

எழுதிக்கொள். பாட்டு பாதியில் மறந்துவிட்டது. முன்னால் புரவி, பின்னால் சனம், பக்கத்தில் அய்யா. நிறுத்தினால் கொன்றுவிடுவார். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு இழுத்துவிட்டேன். ஏழு பன்னிரண்டு எண்பத்து நாலுக்கு அங்கே மணி அடித்துவிட்டார்கள். அவ்வளவு தூரத்துக்குக் குரல்தான் போகும், சொல் போகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இறங்கி வந்து உன் காதில் சொன்னேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கற்பூரம் அணைத்தாய். பதினொரு வருஷமாக நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. போதுமா?

பாடியது நான்தான். ரெண்டும் நான்தான் என்று வைத்துக்கொள். சதக் கடை மிஷினில் முள் தேய்ந்திருக்கும், பஞ்சாயத்து ரேடியோவில் வண்டு புகுந்திருக்கும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். இந்தக் கேள்வியெல்லாம் உன் மூளையில் உதித்ததா, அல்லது சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினாயா? குரல் கரையைத் தாண்டுமா என்று கேட்ட மனுஷன் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். என் கடிதத்தை யார் யார் படிக்கிறார்கள்?

குருநாதன்


நொச்சியேந்தல்,
10-6-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதங்கள் பள்ளிக்கூட விலாசத்துக்கு வருகின்றன. நான் மட்டும் படிக்கிறேன். என் அலமாரிச் சாவி என் கழுத்தில் இருக்கிறது. வாய்ப்பாட்டுக்குப் பதில் சரி. சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கும் நிலையில் நான் இல்லை, ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

நேற்று பள்ளிக்கூடம் விட்டதும் தனியாகச் சதக் கடைக்குப் போனேன். முள் தேய்ந்திருக்கிறதா பாருங்கள் என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நேத்துத்தாம்மா புது முள்ளு மாத்துனேன்" என்று, முதல் நாளிலிருந்து அவர் கடையிலேயே இருக்கும் நம் தட்டை எடுத்து வைத்தார். அதே ஓட்டம், அதே நாலு கட்டை. தட்டு சுழல்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தட்டு நின்ற பிறகு நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். சின்ன எழுத்தில் 33⅓ என்று அச்சிட்டிருந்தது. மிஷினில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. அது 45-இல் இருந்தது.

"பாய், இது என்ன நாப்பத்தஞ்சு?"

"புதுசா வர்ற தட்டெல்லாம் நாப்பத்தஞ்சுதானம்மா. பழசு எழுபத்தெட்டு."

"முப்பத்து மூணு?"

"அது எதுக்கு வச்சுருக்கான்னே தெரியல. வாங்குன நாள்லருந்து அதத் தொட்டதே இல்ல. இம்புட்டுப் பெரிய தட்டும் இங்கன வந்ததில்ல."

அதைத் தொடச் சொன்னேன். தொட்டார். ரேடியோவில் வந்த குரல் வந்தது.

சதக் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ், ரெண்டு மாசமா ஊர்ல உள்ள கல்யாணத்துக்கெல்லாம் ஓட்டமா ஓட விட்டுட்டேனே!" நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து பத்துப் பாட்டையும் கேட்டேன். பாட்டில் சொற்கள் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது பாட்டில் உப்பளத்துக்குப் போகிறவள் தன் ஈரக் கால்தடத்தைத் திரும்பிப் பார்க்கிற இடத்தில் மனம் நின்றுவிட்டது. வாலிநோக்கத்தில் நாம் பார்த்த பெண்கள். ஓட்டத்தில் அது காதிலேயே விழவில்லை.

ஆகவே ரெண்டும் நீங்கள்தான். சரி. ஆனால் நிஜமான வேகத்தில் ஒரு பாட்டுக்கூட ஒரு கட்டையைத் தாண்டவில்லை. மேலே போக வேண்டிய இடத்தில் எல்லாம் கிட்டார் போகிறது, நீங்கள் கீழேயே நிற்கிறீர்கள். பத்துப் பாட்டிலும். விரும்பித் தவிர்க்கிறவர் ஒரு தடவையாவது மறந்து மேலே போய்விடுவார். நீங்கள் மறக்கவே இல்லை.

இன்னொன்று. தபால்காரர் வேடிக்கையாக ஒன்று சொன்னார்: "என்ன டீச்சர், உங்க ஊருக்குக் கொழும்புக் காத்து ரெண்டு வாசல்ல வீசுது போல." யார் வீட்டுக்கு என்று கேட்டேன். செல்லச்சாமிக்குத் தை மாதமே ஒன்று வந்ததாம், பங்குனியில் ஒன்றாம். கையெழுத்து உங்களுடையது என்றார். முப்பது வருஷமாகத் தபால் பார்க்கிறவர்.

பெற்ற தாய்க்கு 'பார்ப்போம்'. பங்காளிக்கு இரண்டு கடிதம். பாத்தியதையை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? கொழும்பில் கோட்டுப் போட்டவருக்கு மண்குதிரைக்கு முன்னால் நடக்க வெட்கமா? அப்படியானால் அதையாவது நேராக எழுதுங்கள். அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ரொம்ப நாள் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

ராமலெட்சுமி


கொழும்பு,
2-7-62

லெட்சுமிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. கிண்டல் வந்தால் மன்னித்துக்கொள், பழக்கம்.

முந்தின இரண்டு ஆவணிக்கும் பெர்மிட் கிடைக்காமல் போனது நிஜம். போன ஐப்பசியில் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போது குரல் அறுந்தது. அறுந்தது என்றால் அறுந்ததுதான், காற்று மட்டும் வந்தது. டாக்டர் கண்ணாடி விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண் மேல் மிளகு அளவுக்கு ஒரு கட்டி என்றார். வெட்டி எடுத்தார்கள். ஒரு மாதம் பேசக் கூடாது. சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் டீ குடித்தேன். ஹமீது காக்காதான் கஞ்சி கொண்டுவருவார். மாதம் முடிந்து முதல் வார்த்தை பேசியபோது அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

மேலே இனி போகாது. முயற்சி செய்தால் பேச்சும் போய்விடும் என்கிறார் டாக்டர்.

கிட்டார் வாசிக்கிற பெரேராதான், "ஒரு கட்டையில் பாடு, நான் கீழே வருகிறேன்" என்றான். பாடினேன். தட்டுப் போடுகிறவர்கள் புதுப் பாணி என்றார்கள். பத்திரிகைக்காரன் துணிச்சல் என்று எழுதினான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். துணிச்சலும் இல்லை, பாணியும் இல்லை. மிச்சம் இருந்ததைப் பாடினேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், உனக்கு மட்டும். நாலு கட்டையில் பாடின எட்டு வருஷமும் நான் பாடின சொல் எனக்கே கேட்டதில்லை, வாய்ப்பாட்டைப் பாடியிருந்தாலும் ஒன்றுதான். இப்போது கேட்கிறது. அந்த உப்பளப் பாட்டைப் பாடும்போது நீ சொன்ன இடத்தில் நானும் நின்றேன்.

செல்லச்சாமிக்கு எழுதியது உண்மை. அவனுக்கு மட்டும்தான் அந்தக் கரையில் நின்று கூப்பிடத் தொண்டை இருக்கிறது. 'எனக்குக் குரல் போய்விட்டது, ஆவணியில் நீ கூப்பிடு, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்' என்று எழுதினேன். பதில் போடவில்லை. என்ன நினைக்கிறானோ.

அம்மாவிடம் சொல்லாதே. அய்யா சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு மண்ணைக் கேட்கவில்லை, மாட்டைக் கேட்கவில்லை, 'கரையில நின்னு கூப்புடுவியாலே' என்றுதான் கேட்டார். அம்மா பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு நான் ஊரை மறந்தவனாக இருந்துவிட்டுப் போகிறேன். தொண்டை போனவனாக வேண்டாம். ஊரை மறந்தவனைத் திட்டலாம். தொண்டை போனவனைப் பார்த்து அழத்தான் முடியும்.

சதக் பாய் கை வைத்த வேகத்தில் நான் இன்னும் நாலு கட்டையில் பாடுகிறேனாமே. அந்த வேகத்திலேயே விட்டுவிடேன்.

அண்ணன்


நொச்சியேந்தல்,
19-7-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுதப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

எழுத வருவதை எழுதுகிறேன். செல்லச்சாமி அண்ணனைக் கண்மாய் மடையில் தனியாகப் பிடித்தேன். "அண்ணே, கொழும்புலருந்து உங்களுக்குக் கடுதாசி வந்துச்சாமே" என்றேன். மண்வெட்டியைக் கூடக் கீழே வைக்கவில்லை. "எனக்கா? எனக்கு யாரு தாயி கடுதாசி போடுவா? எழுத்துக் கூட்டிப் படிக்கவே ஒரு பொழுது ஆகும்" என்று சிரித்தார். கண் சிரிக்கவில்லை. இரண்டு கடிதத்தை வாங்கியவர் ஒன்றுகூட வாங்கவில்லை என்கிறார். ஏன்? கையில் உங்கள் எழுத்து இருக்கிறது. 'எனக்குக் குரல் போய்விட்டது, நீயே கூப்பிடு' என்று நீங்களே எழுதிய சீட்டு. கூட்டத்தில் அதை விரித்துக் காட்டினால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். எதற்காக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்?

சித்தப்பா ஊர் முழுக்க, 'ரேடியோவுல கேட்டீகள்ல, அந்தப் பயலுக்குக் குரல் போச்சு' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். எதிர்ப்பக்கம், கல்யாண வீடுகளில் சதக் பாயின் ஓட்டத்தைக் கேட்டவர்கள், 'நாங்க காதால கேட்டோம், நாலு கட்டை அப்படியே இருக்கு' என்கிறார்கள். பெரியவர்கள் கூடித் தீர்ப்பு வைத்துவிட்டார்கள். புரவி எடுப்பு அன்று தட்டைக் குழாயில் போட்டு ஊர் கேட்க வேண்டும். குரல் போயிருந்தால் அன்றோடு பாத்தியதை கூத்தையா வீட்டுக்கு. குரல் இருந்தும் ஆள் வராவிட்டாலும் மூன்றாம் வருஷம், அப்போதும் கூத்தையா வீட்டுக்குத்தான். வந்தால் மட்டும் நம் வீட்டுக்கு.

தட்டைச் சதக் பாயிடமிருந்து வாங்கி என் பெட்டியில் வைத்திருக்கிறேன். எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பது எனக்கும் சதக் பாய்க்கும் மட்டும் தெரியும். மற்றவர்கள் பொய் சொல்கிறார்களா என்று பார்த்தே வளர்ந்தவள் நான். என்னிடம் போய் இதைக் கேட்டிருக்கிறீர்கள்.

ராமலெட்சுமி


கொழும்பு,
4-8-62

லெட்சுமி,

வரவில்லை. வந்து அந்தக் கரையில் வாயைத் திறந்து காற்று விட என்னால் ஆகாது. தந்தி அடிக்காமல் இந்தத் தடவை முன்னாலேயே எழுதிவிட்டேன், அந்த ஒரு நேர்மைதான் என்னிடம் பாக்கி.

செல்லச்சாமி என்ன செய்தாலும் அவனை ஒன்றும் சொல்லாதே. தட்டு உன் இஷ்டம்.

குருநாதன்


நொச்சியேந்தல்,
3-9-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

புரவி எடுப்பு முடிந்தது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், இடையில் என் அபிப்பிராயம் வராமல் பார்த்துக்கொள்ள முயற்சி செய்கிறேன்.

காலையில் தட்டுக் கேட்கக் கூடினார்கள். சதக் பாய் வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிட்டு என்னிடம் வந்தார். "எதுல வைக்கட்டும்மா?" என்றார், வேறு யாருக்கும் கேட்காமல். எனக்கு எதிரே செல்லச்சாமி அண்ணன் நின்றிருந்தார். சட்டைப் பையில் ஒரு நீலக் கடிதம் துருத்திக்கொண்டிருந்தது. "எப்பவும் போல வைங்க பாய்" என்றேன். என் குரலா அது என்று எனக்கே இருந்தது.

நாலு கட்டை மரத்திலிருந்து இறங்கியது. ஊர் விசிலடித்தது. ராக்குக் கிழவர் துண்டைச் சுழற்றி ஆடினார். சித்தப்பாவுக்கு முகமே இல்லை. மகன் பக்கம் திரும்பி, "ஏலே, உனக்கு ஏதோ தெரியும்னியே, சொல்லுலே" என்றார். செல்லச்சாமி அண்ணன் பைக்குள் கையை விட்டார். அவர் வெளியே எடுத்தது பீடி.

"எனக்கு என்ன தெரியும்? கொரலு நல்லாத்தான இருக்கு" என்றார்.

குரல் இருக்கிறது, ஆள் இல்லை. ஆகவே தீர்ப்புப்படி கூத்தையா மகன் கரைக்கு ஏற வேண்டும். ஏறினார். முதல் புரவிக்கு முன்னால் நின்றார். பாட்டு தொடங்கும் முன் யார் கூப்பிடுகிறது என்று தகப்பன் பெயர் சொல்ல வேண்டுமல்லவா? தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயில் பக்கம் பார்த்துச் சொன்னார்:

"அய்யனாரே, தங்கசாமி மகன் கூப்புடுறேன்!"

சித்தப்பாதான் முதலில் கத்தினார்: "ஏலேய்! அப்ப நான் யாருலே?"

செல்லச்சாமி அண்ணன் திரும்பவே இல்லை. "இன்னைக்கு ஒரு பொழுதுக்கு நீங்க எனக்குச் சித்தப்பா" என்றார். ஊரே சிரித்தது. சிரித்தபடியே பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். அவர் பாடினார். மணி அடித்தது. புரவி நகர்ந்தது. தங்கசாமி மகன் கூப்பிட்டாகிவிட்டது என்று பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள்; பாத்தியதை நம் வீட்டிலேயே நின்றது. சித்தப்பா இன்னும் மகனோடு பேசவில்லை.

சாயங்காலம் செல்லச்சாமி அண்ணனிடம் போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல், அன்றைக்குச் சதக் கடையிலிருந்து ஏன் எழுந்து போனீர்கள் என்று கேட்டேன்.

"கொரலு போச்சுன்னு உங்கண்ணன் எழுதுறான். தட்டுல நாலு கட்டை பொளந்து கட்டுது. வர நோக்காடு புடிச்சு, என்னைய ஏமாத்துறதுக்குப் பொய் எழுதிட்டான்னு நெனச்சேன். அவ்வளவு ஆத்திரம். பெறகு ரேடியோவுல கேட்டேன். இவன் என்னமோ வேல பண்ணுறான்னு ரெண்டையும் மாத்தி மாத்தி நெனச்சு, ரெண்டு மாசம் மனசே சரியில்ல தாயி. நீ மடையில வந்து கேட்டப்ப, எங்கய்யா அனுப்பி வேவு பாக்க வந்தியோன்னு பயந்துட்டேன்."

நானும் அவரும் ஒருவரையொருவர் அவ்வளவு நாளும் ஒரே காரணத்துக்காகச் சந்தேகப்பட்டிருக்கிறோம்.

இதோடு முடித்திருப்பேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, அம்மா என்னோடு ராமநாதபுரம் வருகிறேன் என்றாள். மூட்டுக்குத் தைலம் வாங்கவாம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தைலக் கடையைத் தாண்டி நேராகச் சதக் கடைக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். என் பையைக் காட்டினாள். தட்டு அதில் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். சதக் பாய் தட்டை வைத்து, வழக்கம்போல நெம்புகோல் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"ஊருக்கு வேகமாப் போட்டாச்சுல்ல தம்பி" என்றாள் அம்மா. "எனக்கு மெதுவாப் போடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பத்துப் பாட்டையும் கேட்டாள். அழவில்லை. உப்பளப் பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னாள். முடிந்ததும் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, "ரேடியோவுல மொத வரிக்கே தெரியும். கூத்தையன் பக்கத்துல நின்னான்ல, அதான் அப்படிச் சொன்னேன்" என்றாள். பஸ் உத்தரகோசமங்கை விலக்கு தாண்டியதும் ஒன்றே ஒன்று கேட்டாள். அதை அப்படியே எழுதுகிறேன்:

"அங்கன அவனுக்கு வெந்நி வச்சுக் குடுக்க ஆளு இருக்கான்னு கேளு."

மற்றதற்கெல்லாம் நீங்கள் விருப்பம்போல எழுதலாம். இதற்கு மட்டும் உண்மையை எழுதுங்கள். அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

தங்கை,
ராமலெட்சுமி